பங்களா ஹோட்டலில் இரண்டு ராத்திரி... கூச்சப்படாமல் கேளுங்கள்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும்.

"கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு. ஒரு நல்ல ஹோட்டல்ல ரெண்டு நாள் தங்கினது உண்டா நாம? போனா குலதெய்வம் கோயில், இல்லேன்னா கல்யாண மண்டபம். ஜமுக்காளத்துல படுத்து எழுந்து வந்தா, முதுகுக்கு ஒரு வாரம் தைலம்!"

போன நவம்பரில் நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னது இது. வழக்கமாக இந்தப் பாட்டை ஆரம்பித்தால் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். அன்றைக்கு என்னவோ, பெங்களூரில் வேலை பார்க்கும் பையனிடம் போனில் சொல்லிவிட்டார். அவன் பத்தே நிமிஷத்தில் கொச்சிக் கோட்டையில் ஒரு பங்களா ஹோட்டலுக்குப் பணம் கட்டிவிட்டான். இரண்டு ராத்திரி. வாடகையைக் கேட்டதும் எனக்கே கொஞ்சம் தலை சுற்றியது என்பது வேறு விஷயம்.

மாமியாரைத் தனியாக விட்டுப் போக மனசில்லை. "அத்தை, நீங்களும் வாங்க" என்றேன். அத்தைக்கு 76 வயது. முட்டி வலி உண்டு. பனி நாளில் லேசாக வீசிங் வரும். இவருக்கு 58, பத்து வருஷமாக சர்க்கரை, கூடவே பி.பி. ஆக மூன்று பேரும், ஒரு பை நிறைய மாத்திரையுமாகக் கிளம்பினோம்.

போய் வந்த கதையை மட்டும் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த இரண்டு நாளில் ஒரு நாள் காலை பயந்து செத்தோம். அடுத்த நாள் ராஜா மாதிரி இருந்தோம். இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் என்ன தெரியுமா? வாயைத் திறந்து கேட்டது. அவ்வளவுதான்! அதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

அதென்ன பூட்டீக் ஹோட்டல்?

'பூட்டீக்' என்றால் பிரெஞ்சில் சின்னக் கடை. நூற்றுக்கணக்கில் ஒரே அச்சாக ரூம் கட்டாமல், பத்து முப்பது ரூமோடு, ஒவ்வொன்றும் ஒரு தினுசாக இருக்கும் சின்ன, விலை கூடின ஹோட்டலுக்கு இந்தப் பெயர். நியூயார்க்கில் 1984-ல் திறந்த மார்கன்ஸ் ஹோட்டலுக்குப் பிறகு இது பரவியது. நம் பக்கத்தில் பெரும்பாலும் பழைய பங்களாக்கள்தான் இப்படி மாறியிருக்கின்றன.

அதற்குக் கொச்சிக் கோட்டையை விடப் பொருத்தமான இடம் கிடைக்குமா? 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டு, கொச்சியில் கடலுக்கு வாசலைத் திறந்துவிட்டது என்பார்கள். 1500-ல் போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1503-ல் கோட்டை கட்டினார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1795-ல் ஆங்கிலேயர். எல்லாரும் வந்தது மிளகுக்காக. வந்தவர்கள் எல்லாம் வீடு கட்டினார்கள், கிடங்கு கட்டினார்கள், தேவாலயம் கட்டினார்கள்.

அப்புறம் ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினீயர், துறைமுக வாயை அடைத்துக்கிடந்த மணல் திட்டை வெட்டி, 1928-ல் பெரிய கப்பல்களை உள்ளே வரவைத்தார். தோண்டின மண்ணைக் கொட்டியதில் வில்லிங்டன் தீவே உருவானது. காலப்போக்கில் பெரிய கப்பல்களின் வேலையெல்லாம் அந்தப் பக்கம் போக, பழைய கரையோரத்து மாளிகைகள் ஓய்ந்து உட்கார்ந்தன. இன்று அவற்றில் பல ஹோட்டல். கப்பல் பட்டறை இருந்த இடத்தில் பிரண்டன் போட்யார்ட். ஒரு யூத வணிகக் குடும்பத்தின் செக்கச்செவேல் வீடு, கோடர் ஹவுஸ். இப்படிப் பல. நாங்கள் தங்கியது எது என்று மட்டும் கேட்காதீர்கள். குறையும் சொல்லப் போகிறேன், பெயர் எதற்கு?

முதல் ராத்திரி ஏன் தூக்கம் வரவில்லை?

கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் சுமார் நாலு மணி நேரம். அங்கிருந்து படகில் கோட்டைக்கு. 2024-லிருந்து வாட்டர் மெட்ரோ படகும் கோட்டை வரைக்கும் வருகிறது, ஏ.சி. வைத்தது. அத்தைக்குப் படகு என்றதும் குழந்தை மாதிரி சந்தோஷம்.

ஹோட்டலில் நுழைந்ததும் குளிர்ந்த துண்டு, ஒரு கிளாஸ் ஜூஸ். இரண்டடி கனத்துக்குச் சுவர். செம்புரைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வெயிலை உள்ளே விடுவதில்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் தேக்கு உத்தரம். நடுமுற்றத்தில் பித்தளை உருளி, அதில் மிதக்கும் செம்பருத்தி. "சினிமா மாதிரி இருக்குடா" என்றார் அத்தை.

சினிமா மாடிப்படியில் முடிந்தது. எங்கள் ரூம் மாடியில். செங்குத்தான மரப்படி, 22. லிஃப்ட் கிடையாது. இந்த மாதிரிப் பழங்கட்டடங்களில் நினைத்தபடி இடித்து லிஃப்ட் வைக்க முடியாது. பையன் பார்த்த போட்டோவில் கட்டில் இருந்தது, பூ இருந்தது, படி இல்லை! அத்தை கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

உள்ளே, தூண் வைத்த உசரமான கட்டில். ஏற ஒரு சின்ன முக்காலி. பாத்ரூமுக்குப் போக அரையடி நிலைப்படி. ஒரு மூலையில் பூஞ்சை வாசனை. துலா மாதத்து மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

"வேற ரூம் கேட்கலாமா?" என்றேன்.

"வந்ததும் வராததுமா குறை சொல்லாதே. அப்புறம் நம்மளைப் பட்டிக்காடுன்னு நினைச்சுக்குவாங்க" என்றார் இவர். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்தக் கூச்சம் நமக்கெல்லாம் உண்டு, இல்லையா? காய்கறிக் கடையில் ஒரு ரூபாய்க்கு வாதாடுவோம். பெரிய இடத்தில், கை நிறையப் பணம் கொடுத்துவிட்டு, ஒரு தலையணை மாற்றிக் கேட்க நாக்கு எழும்பாது.

ராத்திரி மூன்று பேருக்கும் தூக்கம் இல்லை. அத்தைக்கு இருமல், லேசாக வீசிங். இன்ஹேலர் எடுத்ததும் அடங்கியது. இவருக்கோ காரணமே இல்லாமல் புரண்டு புரண்டு படுக்கை.

காரணம் உண்டு. புது இடத்தில் முதல் ராத்திரி நம் மூளை முழுசாகத் தூங்குவதில்லை. அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புது இடத்தில் ஆழ்ந்து தூங்கும்போதுகூட மூளையின் ஒரு பாதி மற்றதை விட விழிப்பாக இருந்து, சின்னச் சத்தத்துக்கும் காது கொடுக்கிறதாம். வீட்டுக்குக் காவல் நாய் மாதிரி! அடுத்த முறை அந்த வித்தியாசம் குறைந்துவிடுகிறது. அதனால், கையில் பணம் குறைவு என்றால் விலை கொஞ்சம் மலிவான ரூம் எடுத்தாவது இரண்டு ராத்திரி தங்குங்கள். ஒரே ராத்திரிக்குப் பெரிய பணம் கொடுத்தால், கொடுத்தது தூக்கமில்லாத ராத்திரிக்குத்தான். தலையணை உறையோ போர்வையோ வீட்டிலிருந்து ஒன்று கொண்டு போனாலும் பழகின வாசனை கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அந்தக் காலை...

தூக்கம் வராதவர் அஞ்சரைக்கே எழுந்துவிட்டார். வீட்டில் ஆறரைக்கு சர்க்கரை மாத்திரை, ஏழு மணிக்கு டிபன். இங்கேயும் ஆறரைக்குப் பழக்கதோஷத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஹோட்டலில் காலை டிபன் எட்டு மணிக்குத்தான். "அதுக்குள்ள ஒரு நடை போய்ட்டு வந்துடலாம், சீன வலை பார்க்கலாம்" என்றார். அத்தையும் வந்தார்.

சீன வலை பார்க்கப் பார்க்க அலுக்காது. கரையில் நாலைந்து பேர் கயிற்றை இழுக்க, மறுமுனையில் கட்டித் தொங்கும் பாறாங்கற்கள் எடைக்கு எடையாகக் கீழே இறங்க, அவ்வளவு பெரிய வலை தண்ணீரிலிருந்து மெல்ல எழும்புகிறது. தூங்குமூஞ்சி மரங்களின் அடியில் நல்ல காற்று. நான் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை மகனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"என்னம்மா இது, இவன் சட்டை இப்படி நனைஞ்சிருக்கு?"

திரும்பினால், இவர் முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கை நடுக்கம். "என்னங்க, என்ன பண்ணுது?" என்றால், "ஒண்ணுமில்லே, சும்மா விடு" என்று எரிந்து விழுந்தார். எப்போதும் அப்படிப் பேசுகிறவர் இல்லை. எனக்குக் கால் ஓடவில்லை. ஹார்ட் அட்டாக்கோ?

அத்தை பதறவில்லை. மகனைத் திண்டில் உட்காரவைத்தார். இடுப்புச் சுருக்குப்பையைப் பிரித்தார். அதில் எப்போதும் கல்கண்டு வைத்திருப்பார், தொண்டைக்கு. "வாயைத் திற. கடிச்சுச் சாப்பிடு. நல்லா மென்னு முழுங்கு." ஒரு கை நிறைய. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முகத்தில் ரத்தம் வந்தது. பக்கத்துக் கடையில் இரண்டு வாழைப்பழம், பிஸ்கட். ஆட்டோ பிடித்து ரூமுக்கு வந்து மெஷினில் பார்த்தால் 82. கல்கண்டும் பழமும் தின்ற பிறகே 82 என்றால், அதற்கு முன்னால் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

இது எதனால் வந்தது? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரியான மாத்திரைகளும் இன்சுலினும், நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மாத்திரை போட்டாச்சு, டிபன் இல்லை, அதோடு நடையும் சேர்ந்தது. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. உங்கள் மாத்திரை எந்த வகை என்று ஊருக்குக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, காரணமில்லாத எரிச்சல், குழப்பமான பேச்சு, இதெல்லாம் அறிகுறி. சில வகை பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம்; வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். மெஷினில் 70-க்குக் கீழே என்றால் உடனே கவனிக்க வேண்டும். மெஷின் கையில் இல்லையா? சந்தேகம் வந்தாலே போதும், மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ், அல்லது அரை கிளாஸ் சர்க்கரை போட்ட ஜூஸ் கொடுங்கள். 15 நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. சரியானதும் உடனே டிபன். சாக்லேட், கடலை மிட்டாய் இதற்கு உதவாது. அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-க்கு போன் செய்யுங்கள்.

நெஞ்சு வலியோடு வியர்வை வந்தால் அது வேறு கதை. கல்கண்டைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வாயைத் திறந்து கேட்டோம்!

அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது. நேரே ரிசப்ஷனுக்குப் போனேன். "எங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரை. காலைல ஏழு மணிக்கு முன்னாடி ஏதாவது சாப்பிடக் கொடுக்க முடியுமா? அத்தைக்கு மாடி ஏற முடியலை, பூஞ்சை வாசனை ஆகலை. கீழே ரூம் இருந்தா மாத்திக் கொடுங்க" என்றேன்.

அந்தப் பெண் திட்டவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "நேற்றே சொல்லியிருக்கலாமே மேடம்!" என்றாள். அரை மணியில் முற்றத்தை ஒட்டின கீழ் ரூம். வெயில் படும் ஜன்னல். மறுநாள் ஆறேமுக்காலுக்குக் கதவைத் தட்டி டீ, இரண்டு இட்லி, ஒரு பழம். தனியாகக் காசு கேட்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கேட்டதற்கு இல்லை, முதல் நாளே கேட்காததற்கு!

எல்லா இடத்திலும் இப்படிச் சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ரூம் நிரம்பியிருந்தால் எப்படி மாற்றித் தர முடியும்? பணம் கட்டும் முன்பே கேட்டிருந்தால் அந்தக் கவலையே இல்லை. முகப்புப் படத்தைப் பார்த்து மயங்காமல், ஒரு போன் போட்டு நேரில் பேசுங்கள். சின்ன ஹோட்டலில் இருக்கும் வசதியே இதுதான். போனை எடுப்பவருக்கு ஒவ்வொரு ரூமும் தெரிந்திருக்கும்.

பழைய வீட்டில் உடம்பு ஜாக்கிரதை

ராத்திரி எழுந்தால்: பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அதிலும் உசரமான கட்டில், இருட்டு, தெரியாத நிலைப்படி! கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுங்கள். பாத்ரூம் விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வையுங்கள். படுக்கும் முன்பே ஒரு தடவை கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நடந்து பாருங்கள்.

குளிக்கும் தொட்டி: பார்க்க அழகு. ஏறி இறங்குவதற்குள் வழுக்கும். முட்டி வலிக்காரர்களுக்கு ஷவரும், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் போதும். ஸ்டூல் கேட்டால் தருவார்கள்.

குழாய்: ரூம் பல நாள் பூட்டிக் கிடந்திருந்தால், ஷவரைத் திறந்துவிட்டு இரண்டு நிமிஷம் வெளியே வந்துவிடுங்கள். தேங்கின தண்ணீரில் வளரும் லீஜியோனெல்லா என்ற கிருமி, நீர்த்திவலையோடு மூச்சில் போனால் நிமோனியா வரலாம். 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் ராணுவத்தினர் பலர் புரியாத காய்ச்சலில் விழுந்தபோதுதான் இந்த நோயே உலகத்துக்குத் தெரிய வந்தது.

பூஞ்சை: ரூமில் நுழைந்ததும் முதல் மூச்சிலேயே மூக்கு சொல்லிவிடும். பத்து நிமிஷம் இருந்தால் பழகிவிடும், அப்புறம் தெரியாது. ஆஸ்துமாக்காரர்கள் அந்த முதல் மூச்சை நம்புங்கள். ஈரத்துணியை ரூமுக்குள் காயப்போடாதீர்கள்.

கொசு: துறைமுக ஊருக்கும் கொசுவுக்கும் பழைய சொந்தம். யானைக்கால் இங்கே அவ்வளவு சகஜமாக இருந்ததால், அந்தக் கால ஐரோப்பியர்கள் அதற்கு 'கொச்சின் கால்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து, ஆற்றின் மேற்பக்கத்திலிருந்து படகில் குடிதண்ணீர் வரவழைத்தார்கள். 1877-ல் பேட்ரிக் மான்சன் என்ற டாக்டர்தான் கொசுவைக் கையும் களவுமாகப் பிடித்தார். டெங்கு பரப்பும் கொசு பகலில் கடிப்பது. முற்றத்து உருளித் தண்ணீரை மாற்றுகிறார்களா என்று பாருங்கள். ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் நின்றால் முட்டை கொசுவாகிவிடும். தூண் கட்டிலில் கொசுவலை அலங்காரத்துக்கு இல்லை, இறக்கிவிட்டுத் தூங்குங்கள்.

இன்சுலின்: ரூமில் இருக்கும் குட்டி ஃப்ரிட்ஜை நம்பாதீர்கள். சாவி அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனால் சில ஹோட்டல்களில் அதன் கரண்டும் நின்றுவிடும். சிலவற்றில் உறைந்தும் போகும். உறைந்த இன்சுலின் வேஸ்ட். உபயோகத்தில் இருக்கும் பேனா அதிக உஷ்ணமில்லாத இடத்தில், வெளியிலேயே சில வாரம் தாங்கும். எத்தனை நாள் என்று அட்டையில் போட்டிருக்கும்.

எண்ணெய்க் குளியல்: ஆயுர்வேத மசாஜ் அனேகமாக எல்லா இடத்திலும் உண்டு. இதய நோய், பி.பி. உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் நீராவிப் பெட்டியில் உட்கார வேண்டாம். எண்ணெய்ப் பாதத்தோடு பழைய தரையில் நடக்கவும் வேண்டாம்.

மேஜை நிறைய டிபன்... எதைத் தொடுவது?

"கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டாமா?" என்ற எண்ணம்தான் நம் முதல் எதிரி! ஜூஸைத் தாண்டிப் போய்விடுங்கள். முதலில் ஒரு சுற்று தட்டில்லாமல் சும்மா பார்த்துவிட்டு வாருங்கள். புட்டை சர்க்கரை, பழத்தோடு பிசையாமல் கடலைக்கறியோடு கொஞ்சமாகச் சாப்பிடலாம். இரண்டு ஆப்பம், காய்கறி இஸ்டு, ஒரு முட்டை, இவருக்கு இதுவே திருப்தியாக இருந்தது. ரோஸ் நிறத்தில் வெந்நீர் கொடுத்தால் பயப்படாதீர்கள். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சின தண்ணீர், கேரளத்தில் சாதாரணம்.

இரண்டாம் நாள்தான் விடுமுறை

மேடு பள்ளம் இல்லாத ஊர். நிழலான தெருக்கள். நடக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வாஸ்கோ ட காமா 1524-ல் இறந்து முதலில் புதைக்கப்பட்ட செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். 1539-ல் எலும்புகளை போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் போய், அரண்மனைச் சுவரில் ராமாயண ஓவியமும், 1568-ல் கட்டின யூதர் கோயிலில் நீலம் தீட்டிய சீனத்துத் தரை ஓடுகளும் பார்த்தோம். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், அன்று போகாதீர்கள்.

அத்தைக்கு இதெல்லாவற்றையும் விடப் பிடித்தது எது தெரியுமா? டோபி கானா! வெளி என்ற பகுதியில், வரிசை வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள். வெயிலில் வெள்ளை வெளேரென்று காயும் துணிகள். டச்சுக்காரர்கள் காலத்தில் நம் தமிழ் மண்ணிலிருந்து வந்தவர்களின் வம்சம் என்கிறார்கள். ஹோட்டல் துணியும் இங்கே வருகிறது. ஒரு பெரியவர் கஞ்சி போட்ட வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே தமிழில் பேச, அத்தை அரை மணி நேரம் அசையவில்லை. "எந்த ஊர் பூர்வீகம்? கஞ்சிக்கு எந்த அரிசி?" என்று ஒரே விசாரணை!

அன்று ராத்திரி கீழ் ரூமில், மொடமொடவென்று கஞ்சி வாசனை அடித்த விரிப்பில் மூன்று பேரும் அடித்துப் போட்டது மாதிரி தூங்கினோம். இருமல் இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு கப்பல் ஊதியது கனவிலா நிஜத்திலா என்று தெரியவில்லை.

பணம் கட்டும் முன் போனில் கேட்க வேண்டியவை

1. ரூம் கீழேயா, மாடியா? எத்தனை படி? கைப்பிடி உண்டா? லிஃப்ட்?

2. ஜன்னலுக்கு வெயில் வருமா? சமீபத்தில் மழை ஒழுகியதா?

3. பாத்ரூமில் தொட்டியா, ஷவரா? பிடித்துக்கொள்ளக் கம்பி, மேற்கத்திய டாய்லெட் உண்டா?

4. கட்டில் உயரம் எவ்வளவு? தாழ்வான கட்டில் கிடைக்குமா?

5. காலை டிபன் எத்தனை மணிக்கு? அதற்கு முன்னால் இட்லியோ ரொட்டியோ தர முடியுமா?

6. கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா?

7. ராத்திரி அவசரம் என்றால் டாக்டரோ காரோ கிடைக்குமா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

8. வாசல் வரை வண்டி வருமா?

கைப்பையில் இருக்க வேண்டியவை

மாத்திரைச் சீட்டின் நகல், இரண்டு நாளைக்குக் கூடுதலாக மாத்திரை, சர்க்கரை மெஷின், இன்ஹேலர், சின்ன டார்ச், வழுக்காத செருப்பு, கொசுக் களிம்பு, பிஸ்கட்... கூடவே குளுக்கோஸ் பாக்கெட் அல்லது கல்கண்டு. இது பெட்டியில் இல்லை, உங்கள் கையோடு, வாக்கிங் போகும்போதும்!

'கொச்சி கண்டவனுக்கு அச்சி வேண்டாம்' என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. அச்சி என்றால் மனைவி. கொச்சியைப் பார்த்தவனுக்கு வீட்டு நினைப்பே மறந்துபோகுமாம். திரும்பி வரும் ரயிலில் இதைச் சொல்லி இவரைக் கிண்டல் செய்தேன். "அச்சி வேண்டாம்னு சொன்னாலும் சொல்லுவேன், அம்மாவோட சுருக்குப்பை வேணும்" என்றார்!

அத்தை சிரிக்கவில்லை. "பெரிய இடம்னா என்னப்பா? நாம காசு கொடுத்துத்தானே போறோம். அங்க இருக்கறதும் மனுஷங்கதானே. வயத்துக்கும் உடம்புக்கும் வேணுங்கிறதைக் கேக்க என்ன வெக்கம்?" என்றார். சொல்லிவிட்டு, சுருக்குப்பையைத் திறந்து மிச்சக் கல்கண்டை எண்ணிப் பார்த்து முடிந்துகொண்டார்.

நீங்களும் ஒரு தடவை போய் வாருங்கள். போகும் முன்பு அந்த எட்டுக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்!